நாற்பது கிலோ

லோரியை ஓரங்கட்டிவிட்டு மரியதாஸ்
உள்ளே வரும் பாதையின் எடைப்பாலத்தில்
வெறும் ஆளாகப் போய் நின்றார்.
கையில் பிரிக்காத நாசி லெமாக் பொட்டலம்.
திரை காட்டியது: முப்பது கிலோ.

"கிளினிக்குல எழுபதுன்னாங்க.
மிச்ச நாப்பத எங்க வச்சிருக்கீங்க?"

நேற்றுவரை நாங்கள் அதை
டயர்ச் சேறு என்றோம்,
குலையில் தங்கிய மழைத் தண்ணீர் என்றோம்.
அவர் உடம்பில் சேறும் இல்லை, குலையும் இல்லை.

ஆலை அலுவலகம். குளிர்சாதனம் சொட்டும் மேசை.
ஆறு வருஷத்தில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு கமிட்,
ஒவ்வொன்றிலும் ஒரு கை, ஒரு தேதி,
ஒரு வரிச் சாக்கு.
முழுக்கப் படித்தால் விடிந்துவிடும்.
சலிக்க வேண்டும்,
செம்பனை அடியில் உதிரி பொறுக்குகிறவர்கள்
சருகைத் தள்ளுவதுபோல.

கிளைகள் கூடிய இடங்களைத் தள்ளினேன்:
அவை கைகுலுக்கல்கள், வேலை அல்ல.
இரவுதோறும் விலைப்பட்டியல் போடும்
இயந்திரத்தைத் தள்ளினேன்.
இருநூற்றுச் சொச்சம் மிஞ்சியது.

தவமலர் என்று தேடினால் பதினொன்று.
அடையாள அட்டையில் இருப்பதுபோல
அப்பா பெயருக்கு முன் சாய்கோடு போட்டுத் தேடினால் எண்பது.
தூக்கக் கலக்கத்தில் 'தவா' என்று போட்டவை ஆறு.
ஒரே ஆள்,
மூன்று சல்லடைக்கு மூன்று பேர்.
போன வருஷம் அவள் சிங்கப்பூர் போய்விட்டாள்.
போனவள்மேல் சாய்க்க
எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது.
ஒவ்வொன்றாகத் திறந்தேன். சுத்தம்.

எடைக் கோப்பை மட்டும் காட்டு என்றேன்.
போன பிப்ரவரியோடு நின்றது,
அதற்குமுன் அது பிறக்கவே இல்லை என்பதுபோல.
பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.
இந்த ஊருக்கும் அப்படித்தான்:
பலகையில் பெஸ்தாரி ஜெயா,
பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர்கள் வாயில்
இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
பழைய பெயரையும் பின்தொடர் என்றேன்.

நாற்பது என்ற எண்
எந்த நாளில் உள்ளே நுழைந்தது?

பதில் வெறுமை.
கோப்பி ஓ ஆறிப்போகும்வரை வெறுமை.

பிறகுதான் கண்ணில் பட்டது
பழக்கத்தில் முதலிலேயே நான் போட்டுவைத்த நிபந்தனை:
என்னுடையவை தவிர.
என் கைவேலை எனக்குத் தெரியாதா என்று.

எடுத்தேன்.
ஒரே வரி வந்தது.
நவம்பர் பதினெட்டு, இரவு 11:52.
என் முழுப்பெயர், சாய்கோட்டோடு.
செய்தி: தற்காலிகம்.

கோலசிலாங்கூரில் கல்யாண விருந்து அன்றைக்கு.
மடியில் கணினி, முழங்கையோரம் பாயசம்,
காதில் என்சிக் ரொஸ்லான்:
மழை, குலை நனைந்திருக்கிறது,
உள்ளே வரும்போது நாற்பது கழி,
வெறும் வண்டி போகும்போது கழிக்காதே,
ஒரு வாரத்துக்குத்தான்.

மழை நின்றது. வரி நிற்கவில்லை.

வரலாற்றையே சலித்துத் திருப்பி எழுதும் கட்டளை
ஒன்று உண்டு.
அந்த இரவைப் பிடுங்கிவிடலாம்.
பிடுங்கினால்
அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கமிட்டும்
வேறு எண் பெறும்,
தவறே செய்யாதவர்களுடையதும்.
நவம்பரில் நான் நல்லவளாக இருப்பேன்.
மரியதாஸ் வீட்டு பிஸ்கட் டின்னில்
நீலக் கார்பன் ரசீதுகள் மட்டும்
ஒத்துவராமல் கிடக்கும்.

மேலே புதிதாக ஒன்று போட்டேன்:
"நவம்பர் 18 அன்று நான் போட்ட நாற்பதை எடுத்தாயிற்று.
ஒரு வாரம் என்றது பதினாறு மாதம் ஓடியது.
லோரிக்காரர்களுக்குத் தர வேண்டியது
இன்னும் கணக்கிடவில்லை."
கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அழித்தேன்,
மூன்றாவது முறை விட்டுவிட்டேன்.

வெளியே போய், ஏறி நில்லுங்கள் என்றேன்.
எழுபது.

வாயைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.
"சாப்பிட்டது ஏறலையே?"
பத்துப் பத்தாகத்தான் காட்டும், அண்ணே.

"அப்ப நாலு கிலோவரைக்கும்
யாருக்கும் தெரியாது, என்ன?"
என்றார்
திரையைப் பார்க்காமல்.