இடைவெளி விடாமல் நிரப்புக

கச்சேரியடியில், போட்டோக் கொப்பிக் கடைக்குப் பின்னால்
ஆறடி அறை.
பலகையில் என் பெயர், கீழே
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, விவாகம்,
பக்கத்துக்கு எழுநூறு ரூபாய்.

நிறோஜினி குடையை மடக்காமலே உள்ளே வந்தாள்.
வாழ்க்கைத்துணைக்கான வதிவிட உரிமைப் படிவம்.
துணையின் தொழில் என்ற கட்டத்தில் நிறுத்தினேன்.
அவள் கதவைப் பார்த்தாள்.
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"அவர் ஆமி."

என் விரல்கள் பழைய பழக்கத்தில் நின்றன.
"எந்த ஆமி?"
"அந்த நாட்டு ஆமி, அண்ணை.
பதினெட்டு வயசில அகதியாப் போனவர்.
சாமான் கணக்கெழுதுற வேலைதான்.
அம்மாவுக்கு ஸ்டோர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

ஆங்கிலத்தில் அந்தச் சொல் நாலே எழுத்து.
அடித்தேன்.

"கலியாணம்?"
"திருச்சியில. இஞ்ச வர அவருக்கு அனுமதி இல்லை."
"சேர்ந்து வாழ்ந்த காலம்?"
"ஒன்பது நாள். வந்த நாளையும் சேர்த்து."

அடுத்த பக்கம்.
பிறந்தது முதல் வதிந்த இடங்கள்,
இடைவெளி விடாமல் நிரப்புக.
மல்லாகம் முகாம்.
ஏழாலையில் வாடகை அறை.
உரும்பிராயில் யாரோவின் கராஜ்,
கராஜுக்கு இலக்கம் இல்லை.
"நிரந்தர முகவரி?"
"வசாவிளான்."
பொலித்தீன் பையிலிருந்து உறுதியை எடுத்தாள்:
தாயின் சீதனம், ஆறு பரப்பு,
கிணற்றில் மூன்றிலொரு பங்கு.
"அங்க இப்ப ஆர் இருக்கினம்?"
"ஆமி."

அதே நாலு எழுத்து.

பக்கத்தைத் திரும்பப் படித்தேன்.
புருஷன் ஆமி. வீட்டில் இருப்பது ஆமி.
எங்கோ ஒரு மேசையில் ஓர் அதிகாரி
இருவரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்,
பிறகெதற்கு விசா என்பான்.
அவளிடம் சொன்னேன்.
போட்டோக் கொப்பிப் பொடியன் எட்டிப் பார்க்குமளவுக்குச்
சிரித்தாள்.

விளக்கக் குறிப்பின் பதினோராம் பந்தியை
அவளுக்குத் தமிழில் வாசித்தேன்:
படைப்பணியின் காரணமாகப் பிரிந்திருக்கும் காலம்
வதிவிடத்தின் முறிவாகக் கொள்ளப்படாது.
அங்கில்லாத நாட்களும்
அங்கு வதிந்த நாட்களாகவே எண்ணப்படும்.

"திரும்பச் சொல்லுங்கோ."
சொன்னேன்.
"ஆமியால பிரிஞ்சிருந்தா
அங்க இருந்த மாதிரியே?"
"சட்டம் அப்படித்தான் சொல்லுது."

விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள்.
அவருக்கான கணக்கென்று நினைத்தேன்.
"அம்மா வெளிக்கிட்டது தொண்ணூறு ஆனி.
அப்ப அவ முப்பத்தைஞ்சு வருசமா
வசாவிளானிலதான் இருக்கிறா."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது.

"இந்தப் பந்தியை மட்டும்
தமிழில அடிச்சுத் தாங்கோ, அண்ணை.
பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோக."
"அது இஞ்ச செல்லாது, தங்கச்சி."
"தெரியும்.
எழுத்தைப் பெரிசா அடியுங்கோ."

அடித்தேன்.
கீழே வழக்கமான வாசகம்:
மூலத்துக்கு அமைவான சரியான மொழிபெயர்ப்பு.
கையொப்பம். வட்ட முத்திரை.
எந்த நாட்டின் சட்டம் என்ற கோட்டில்
ஒன்றும் எழுதவில்லை.

அவள் கவனித்தாள். கேட்கவில்லை.
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணிவிட்டு
வெயிலுக்குள் இறங்கினாள்.