ஊசி நிற்கும் இருபது நிமிடம்

வின்டர்தூர், மூன்றாம் தளம், செவ்வாய்க்கிழமை.
சீன மருத்துவப் பிரிவு இனி
தன் காலில் நிற்க வேண்டுமாம்.
திட்டம் எழுதும் வேலை என் தலையில்.

டாக்டர் ஷென் ருவோலான்
ஒரு நோயாளிக்கு எடுப்பது ஐம்பது நிமிடம்.
நாடி பார்க்க, நாக்கு பார்க்க,
தூக்கம் எப்படி, கால் சில்லிடுகிறதா என்று கேட்க
இருபது.
ஊசி குத்தப் பத்து.
மிச்ச இருபதும்
ஊசி நிற்கிறது, ஆள் கிடக்கிறார்,
டாக்டர் அறையிலேயே இல்லை.

அந்த இருபதுக்கு மஞ்சள் அடித்தேன்.
மூன்று கட்டில், இடையில் திரை, ஒரே டாக்டர்:
வருமானம் இரட்டிக்கும்.
நிதித் தலைவர் ட்சுர்ப்ரிகன் "ஆகா" என்றார்.
வருஷத்துக்கு இரண்டு முறைதான் சொல்வார்.

ஷென் அட்டவணையைப் பார்த்தார்.
மறுக்கவில்லை.
"உங்கள் வலது தோள் ஏறி நிற்கிறதே,
எத்தனை நாளாக?"

ஒன்பது ஊசி.
கதவு சாத்தும் சத்தம்.
வெளியே பேருந்து மின்கம்பியை உரசிப் போனது.
முதல் ஐந்து நிமிடம் கட்டில்களை எண்ணினேன்.
பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்;
திரை என்றால் இன்னும் நன்றாகக் கேட்கும்.
பிறகு ஒன்றும் நினைக்கவில்லை.

தோள் வலி போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன் காலை
மஞ்சளை அழித்துவிட்டு
அந்தக் கட்டத்துக்குப் பெயர் தேடினேன்.
'ஓய்வு' என்றால் வெட்டுவார்கள்.
'சிகிச்சை' என்றால் ஆதாரம் கேட்பார்கள்.
வெறுமையாக விட்டால்
மென்பொருள் பிழை காட்டுகிறது.

மூன்று கட்டிலை இரண்டாக்கினேன்,
நடுவில் ஒரு சுவர்.
சுவர்ச் செலவுக்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில்
என் பெயர்.
ட்சுர்ப்ரிகன் இன்னும்
ஒன்றும் சொல்லவில்லை.