உலுக்கு

டிச்சீனோ ஆற்றோரம்
வண்டுகளுக்கு விடிவது ஏழு மணிக்குத்தான்.
அதுவரை பனியில் விறைத்து
பிளம் இலையைக் கவ்வியபடி கிடக்கும்.
பேக்கரி இரவுவேலை முடிந்து
முழங்கை மாவோடு வருகிறாள் ஒர்னெல்லா.
மரத்தடியில் பழைய போர்வை.
கிளையை ஒரே உலுக்கு.
பொலபொலவென்று
செம்பு முதுகும் பச்சைத் தலையும்.

வாளியில் சோப்புத் தண்ணீர்.
முதல் நாள் எண்ணினாள்: நானூற்றுப் பன்னிரண்டு.
பிறகு எண்ணவில்லை.
பெரும்பாலும் இரண்டிரண்டாக,
ஒன்றின்மேல் ஒன்று,
விழும்போதும் விடாமல்.
“வெட்கங்கெட்டதுகள்” என்கிறாள்,
மூழ்கும்வரை பார்த்துக்கொண்டே.

பக்கத்துத் தோட்டத்து எர்மெஸ்
கடையில் வாங்கிய வாசனைப் பொறியை
வேலியோரம் தொங்கவிட்டிருந்தார்.
ஊர் வண்டெல்லாம் அதை மோப்பம் பிடித்து வந்து
போகிற வழியில்
இவள் மரத்தில் கை நனைத்தன.
மேல்கிளை முழுக்க
சதை போன மீன்முள் இலைகள்.

நேற்று வாளியோடு போய்
அவர் கதவைத் தட்டினாள்.
திட்டத்தான் வாயெடுத்தாள்.
அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்,
நெடுநேரம்.

இன்று பொறியைக் காணோம்.
போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
பைஜாமாவில் நிற்கிறார் எர்மெஸ்.
“உலுக்கு” என்கிறார்.
அவள் சட்டைக் காலருக்குள்
விழுகிறது ஒன்று.