வலப்பக்கம் புகழ்

வாங்கும்போதே எழுதியிருந்தது.
இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் யாழினி,
வலதுக்குப் பின்னால் புகழ்.
கறுப்பு ரப்பரில் மஞ்சள் பெயிண்ட்.
கரூர்க்காரர் யாரோ பெற்ற பிள்ளைகள்.
ஆர்சி புத்தகத்தில் நான் மூன்றாவது பெயர்.

பதினேழு வருஷத்து ஸ்கார்பியோ.
தடுப்பூசிப் பெட்டியும் தராசும் ஏற்றிக்கொண்டு
பொங்கலூர், கொடுவாய், குண்டடம் என்று
நாளைக்கு எட்டுக் கோழிப்பண்ணை.
போகிற இடமெல்லாம் நான் யாழினியம்மா.
“பையன் என்ன படிக்கிறானுங்க?”
முதல் வருஷம் மறுத்துச் சொன்னேன்.
அடுத்த வருஷம், “ஆறாவதுங்க.”
இப்போது அவன் பிளஸ் ஒன்,
கணக்கில் கொஞ்சம் மட்டம்.

ஆவணியில் ஒரு பண்ணை மேட்டில்
ரிவர்ஸ் எடுக்கும்போது டயருக்கடியில் சிக்கி
அவனுடைய கடைசி எழுத்து கிழிந்துபோனது.
அப்புறம் என் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம்
‘புக’ என்று அனுமதி கொடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளியங்கிரி குனிந்தான்.
ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே விரலை விட்டு
ஒரு கை செம்மண் எடுத்துக் காட்டினான்.
எந்த மழைக்கு ஒட்டியதோ, இன்னும் ஈரம்.
“இதுதானுங்கக்கா திங்குது.
உள்ளுக்குள்ள அரிச்சுப்போச்சு, பாருங்க.
ரெண்டையுமே கழட்டி வீசீருங்க.
வண்டியும் எளசாத் தெரியும்.”

எனக்கு நாற்பத்திரண்டு.
எளசாகத் தெரிவதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை.
ஆனாலும் கிழிந்ததை மட்டும் கழட்டச் சொன்னேன்,
ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று.
மூன்று போல்ட் வந்தது.
நாலாவது தலை உடைந்து
ஃபெண்டருக்குள்ளேயே தங்கிக்கொண்டது.
ரப்பரைப் பின் சீட்டில் போட்டேன்.

வாய்க்கால் மேட்டு ரோட்டில்
நாற்பதில் போனால் வலப்பக்கம் கடுகு வெடித்தது.
அறுபதில் நிலக்கடலை வறுபட்டது.
பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம்
அதையே கேட்டுக்கொண்டு போனேன்.

சென்னிமலை, சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்.
எக்ஸெல்லில் ரெண்டு கேன், சலவைச் சட்டை.
தினமும் ஆறே காலுக்கு என் வண்டியின்
வலது முதுகில் ஒண்டிக்கொண்டு வருவார்,
எதிர்காற்றுக்கு மறைவாக இருக்குமாம்.
மழை பெய்த மறுநாள் கண்ணாடியில் ஆளைக் காணோம்.
தேடினால்,
நாற்பதடி தள்ளி, இடப்பக்கம் ஒதுங்கி,
யாழினிக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்.
ஒன்றும் சொல்லவில்லை அவர்.
தோளில் மட்டும் நாலைந்து செம்மண் புள்ளி,
அம்மை போட்ட மாதிரி.

குண்டடத்தில் ரத்னாத்தாள்
தீவன மூட்டையை இறக்க வந்தவள்
பின் சீட்டை எட்டிப் பார்த்தாள்.
“மழைன்னு பையனை உள்ளே ஏத்திக்கிட்டீங்களாட்டம் இருக்குது.”
சீட்டுக் கவரை ஈரமாக்கிவைத்திருந்தான்.

திரும்பவும் வெள்ளியங்கிரிக்குப் போன் போட்டேன்.
புதுசு ஜோடி நானூற்று எண்பது.
“சும்மா கறுப்பா மாட்டிக்கலாமுங்க.
பேரு எழுதோணும்னா நூறு சேத்தி.
என்ன பேருங்கக்கா?”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
துரு தின்னட்டும் என்று விடலாம்.
இன்னொன்றையும் கழட்டி எறியலாம்.
கழட்டினால் பண்ணைக்காரர்கள் என்னை
எப்படிக் கூப்பிடுவார்கள்?
என் பேர் ஒருவருக்கும் தெரியாது.
நானும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

இன்றைக்குக் காலை நல்ல தூறல்.
வேலங்காட்டுத் திருப்பத்தில் ஓரங்கட்டி
இண்டிகேட்டர் போட்டு,
சென்னிமலையை முன்னால் போகச் சொன்னேன்.
பாவம், சட்டையாவது வெள்ளையாகச் சொசைட்டி போய்ச் சேரட்டும்.
தலையை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போனார்.
போனவருடைய பின்சக்கரத்துக்கு
மட்கார்டில் பாதிதான் இருந்தது.
என் கண்ணாடி முழுக்கச் செம்மண்.

வைப்பரைப் போட்டேன்.
இடதுதான் ஓடியது.