ஐந்து தவு

பதினோரு மாதம்
என் கைமேல்தான் பழி.

கோவிலூர் தாண்டிக் கண்மாய்க் கரையை ஒட்டி
ஒரு செம்புறாங்கல் மேடு, அதன் முன்னால் அட்டை.
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
இருபத்தைந்து மீட்டரிலிருந்து நான் சுட்டதெல்லாம்
பக்கவாட்டில் படுத்தபடி போய்க் கிழித்திருக்கும்.
வட்டமில்லை.
மேலே தலை, கீழே வால்,
பெட்டகத்தில் சாவி நுழையும் துவாரம் போல.

மணிக்கட்டு மடங்குது உமையாள் என்றார் செயலாளர் வயிரவன்.
மூச்சை ரொம்ப நேரம் பிடிக்கிறே என்றாள்
பள்ளத்தூர் பி.டி. டீச்சர் தெய்வானை.
தேவகோட்டையில் கண்ணாடி மாற்றினேன்.
காபியை விட்டேன்.
சனிக்கிழமை ராத்திரி யாரோடும் சண்டை கிடையாது
என்று ஒரு விரதம்,
மூன்று வாரம்தான் தாங்கியது.

துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
குழலின் பக்கத்தில் முப்பத்திரண்டு என்று பொறித்திருக்கிறது.
குண்டு வந்த டப்பாவிலும் முப்பத்திரண்டு.
எண்ணும் எண்ணும் ஒன்று, அப்புறமென்ன?

கழனிவாசல் சாலையில் சவேரிமுத்துவின் லேத்.
உரிமத்தை ஒரு தரம், குழலை ஒரு தரம் பார்த்துவிட்டு
"ஆச்சி, இது பேரு. அளவு இல்ல" என்றார்.
"எம் மச்சான் பேருகூடத்தான் செல்வம்.
வாங்குன கடனுக்கு ஊரையே விட்டுட்டான்."

மெத்தென்ற ஈயத் துண்டு, ஒரு சொட்டு எண்ணெய்,
பித்தளைக் கம்பி.
தட்டத் தட்ட உள்ளே போனது,
முதலில் முரண்டு, பிறகு முனகல்,
அந்தப் பக்கம் துணிமேல் விழுந்தபோது
பொத்தென்று ஒரு சின்னச் சத்தம்.
எடுத்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஆறு வரி,
மெதுவாக வலப்பக்கம் திரும்பும் புரி.
சங்காயிருந்தால் பூஜையில் வைத்திருப்பார்கள்.

மைக்ரோமீட்டர் மூன்று தரம் கிர்ரென்றது.
முந்நூற்றுப் பதினான்கு.
டப்பாவிலிருந்து ஒரு குண்டு எடுத்து வைத்தார்.
முந்நூற்று ஒன்பது.

ஐந்து தவு.
தச்சர் கணக்கில் ஒரு நூலை
இருபத்தைந்தாகப் பிளந்தால் அதில் ஒன்று.
நான் கணக்கெழுதும் ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறையில்
முழு நூல் பிசகினாலே
சிமெண்டைத் தடவி மறைத்து, பில் போட்டுவிடுவோம்.
இங்கே அந்தச் சந்து வழியாகப்
புகை குண்டை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது.
புரியைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிய குண்டு
வெளியே வந்ததும் தள்ளாடி
குடிகாரன் போலப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
நானோ வாராவாரம்
அட்டையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீ கொண்டுவந்த பிலோமினா சிரித்தார்.
"பத்துப் பொருத்தம் பாக்குற மாதிரியில்ல இருக்கு!"
எனக்குப் பத்தும் பார்த்துத்தான் செய்தார்கள்.
ஆனால் இது அதைப் பற்றி இல்லை.
ஈயத்துக்கு மனசு கிடையாது.
ஒரு தவு கூட இருந்தால் பிடிக்கும்,
குறைந்தால் பிடிக்காது.

அச்சைக் கடைந்து ஒரு தவு ஏற்றிக் கொடுத்தார்,
முந்நூற்றுப் பதினைந்து.
வீட்டில் ராத்திரி, சீரியல் சத்தம் அடங்கியபின்
தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குழலில் போட்டுப் பார்த்தேன்.
நாலு கழுத்துப் பருத்து உள்ளே போக மறுத்தன.
திட்டாமல் ஒதுக்கிவைத்தேன்.
அன்று சனிக்கிழமை.

நேற்று கண்மாயில் கணுக்கால் தண்ணீர்.
ஒரு நீர்க்காகம் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது,
முதல் வெடிக்கே பறந்துவிட்டது.
பத்துத் தோட்டா.
நடந்து போய் அட்டைக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தேன்.
பத்தும் வட்டம்,
ஆபீஸ் பஞ்சில் குத்தியதுபோல் ஓரத்தில் ஒரு பிசிறில்லை.
பத்தும் இடது பக்கம், கீழே,
கறுப்புக்கு வெளியே.

வயிரவன் வாயைத் திறக்குமுன்
நானே சொன்னேன்:
"மணிக்கட்டு."