மான் தின்ற பிரதி

கச்சேரி மதிலோரம் என் மேசை.
கால் மூன்று மரம், நாலாவது செங்கல்.
காற்றுக்குப் பாரமாய் நிலாவெளியில் பொறுக்கிய கல்.
படிவம் ஒன்றுக்கு நூற்றைம்பது.
அழுதுகொண்டு வந்தால் நூறு.

சுகிர்தா அழுகிற ஆள் இல்லை.
இது ஐந்தாவது தரம்.
பிறந்த இடம்: பவானிசாகர் அகதிகள் முகாம்.
கட்டம் போதவில்லை,
'முகாம்' கோட்டுக்கு வெளியே நின்றது.

அங்கே அவள் சிலோன்காரப் பிள்ளை.
இங்கே, வாய் தவறி 'ஓம்' இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு 'ஆமா' விழுந்தால் போதும்,
தேங்காய்க் கடைக்காரன் நிமிர்ந்து பார்க்கிறான்.

சட்டம் சொல்வது எளிது.
தகப்பன் இந்த நாட்டவன் என்றால் மகளும்.
தகப்பன் கனகசூரியம், திரியாயில் பிறந்தவர்.
தொண்ணூறில் வள்ளம் ஏறும்போது
காணி உறுதியை அரிசிப் பானைக்குள் வைத்தார்,
பிறப்புப் பத்திரத்தைக் கூரையில் மறந்தார்.
இப்போது கூரை இல்லை.
அவரும் இல்லை, ஈரோட்டுச் சுடலையில் சாம்பல்.
மிஞ்சியது பள்ளிக்கூட இடாப்பில் ஒரு வரி:
நாலாம் வகுப்பு, வைரமுத்து மகன், வரவு ஒழுங்கில்லை.

அந்த வரியின் பிரதியை
மேசை நுனியில் வைத்துவிட்டு முத்திரை தேடினேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
அவள் தகப்பனை மென்றுகொண்டிருந்தது.

கல்லைத் தூக்கினேன். எறியவில்லை.
இந்த ஊரில் மானைத் தொட்டால் மறியல்.
அதன் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று
எந்தக் கந்தோரும் கேட்டதில்லை.

அவள் சிரித்தாள்.
"விடுங்கண்ணா, இன்னும் ஆறு ஜெராக்ஸ் இருக்கு."

என் அப்பா ஞாபகம் வந்தார்.
தோட்டத்து லயத்தில் பிறந்து,
எழுபத்தேழில் அடிபட்டுக் கந்தளாய்க்கு ஓடிவந்து,
எந்த நாடும் தன் கணக்கில் சேர்க்காத மனிதன்.
கடதாசி வந்தபோது கண் போய்விட்டது.
விரலால் தடவித் தடவி
முத்திரை எங்கே குத்தியிருக்கு என்று கேட்டார்.
காட்டினேன். அதன்மேல் கையை வைத்தபடி
அன்று பகல் முழுக்கப் பேசவில்லை.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.
கடைசி வரியில் நிறுத்தினாள்.
"பணிவுடன் வேண்டுகிறேன்னு ஏன் எழுதுறீங்க?"
எல்லோருக்கும் அப்படித்தான் பிள்ளை.
"நான் கடன் கேட்டு வரலையே."
பேனாவை வாங்கி, அடித்து, மேலே எழுதினாள்:
உரித்துடன் கேட்கிறேன்.
எழுத்துப் பிழை இல்லை.
நூற்றைம்பதை எண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்றரை மணி. இன்னும் வரவில்லை.
மேசைக்குக் கீழே மான் படுத்திருக்கிறது,
அதன் வயிற்றில் நாலாம் வகுப்பு.
அடுத்தவர் மூதூர்க்காரர், காணிப் பிரச்சினை.
கடைசி வரிக்கு வந்துவிட்டேன்.
'பணி' என்று எழுதிய இடத்தில்
பேனா நிற்கிறது.
மை இருக்கிறது.