ஏழாம் எண்

உபி கடைத் திரையில் அடித்தபோது
எல்லாம் நேராய்ப் போயின.
திரைக்குள் காற்று இல்லை, வியர்வை இல்லை,
வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை.
"பழசைவிடப் பதினைந்து கெஜம் கூடுதல், பாஸ்" என்றான்
விற்பனைப் பையன்.
என் ஆண்டிறுதி போனஸ்
அந்தப் பதினைந்து கெஜத்தைத் தாண்டவில்லை.

மண்டாய்ப் பக்கம், வியாழன் இரவு.
வாளிக்கு நூறு பந்து.
முதல் பந்து இரும்பின் கழுத்தில் பட்டு
வலப்பக்கத் தடுப்பில் மோதி
அடுத்த ஆளின் காலடிக்குப் போனது.
ஜப்பானியர். குனிந்து எடுத்து
இரு கைகளாலும் நீட்டினார்.
திட்டியிருக்கலாம்.

இரண்டாவது, நூற்றைம்பது கெஜம்.
மூன்றாவது, தொண்ணூறு.
நான்காவதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

அடியில் ஏழு என்றுதான் பொறித்திருக்கிறது.
ஆனால் இந்த ஏழின் முகம்
பழைய ஆறைவிட விறைத்து நிற்கிறது.
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு
ஆள் மாறிவிட்ட மாதிரி.
வழக்கமாய் நிற்கும் இடத்தில் நிற்கிறேன்,
வழக்கமாய் இழுக்கும் அளவுக்கு இழுக்கிறேன்,
வழி கேட்டவனிடம்
முந்தின தெருவைக் காட்டுகிறது கை.

பகலெல்லாம் துவாஸில்
திரைமுன் உட்கார்ந்து பாரந்தூக்கி ஓட்டுகிறவன் நான்.
நாற்பதடிக் கொள்கலனைக் கப்பல்மேல்
விரற்கடை பிசகாமல் இறக்குவேன்.
முப்பது டன் சொன்னபடி கேட்கிறது.
எலுமிச்சம்பழம் அளவுப் பந்து கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன்,
தண்டு கொஞ்சம் விறைப்பு, தலை கொஞ்சம் கனம்,
பிடி ஒரு நூல் தடிமன் என்று.
பொற்கொடி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.
"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."
பிறகு இரக்கப்பட்டு,
"சாப்பிட்டுட்டுக் கோணலைப் பாருங்க."

பழையதை வாங்கியவள் ஹஃபிஸா.
தெம்பனிஸ் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்துக்கு
தாதிச் சீருடையில் வந்தாள்.
இருநூற்றெண்பது வெள்ளி.
பேரம் பேசவில்லை, அதுதான் உறுத்தியது.
பை அவளைவிட உயரம்.
மின்தூக்கிக் கதவு மூடும்வரை
கைபேசியைப் பார்ப்பதுபோல் நின்றேன்.
இரும்புக்கு என்ன தெரியும்?

அறுபத்து மூன்றாம் பந்தில் மின்னல் சங்கு ஊதியது.
சிவப்பு விளக்கு சுழன்றது.
எல்லாரும் கூரைக்குள் பின்வாங்கினோம்,
கோப்பி இயந்திரத்தின் முன்னால்,
கையுறையோடு, வரிசையாக,
பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் போல.
அப்போதுதான் அவள் செய்தி வந்தது, படத்தோடு:
ஏழாம் நம்பர் பிடியில் ஒரு பள்ளம் இருக்கு அங்கிள்,
சேதமா?

சேதமில்லை அது.
என் இடது கட்டைவிரல்.
பதினொரு வருஷம் அங்கே குடியிருந்தது.
அப்படி எழுதினேன், அழித்தேன்.
"தேய்மானம்தான். புதுப்பிடி போட்டுக்கொள்ளுங்கள்,
பதினைந்து வெள்ளி ஆகும்."

வேண்டாம், என்றாள்.
விரலை எங்கே வைப்பதென்று
அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம்.

நான் என் புதுப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன்.
வழவழவென்று கறுப்பு ரப்பர்.
எங்கேயும் ஒன்றும் இல்லை.

மழை முழுதாய் விடவில்லை.
விளக்கு அணைந்ததும் விரிப்புக்குத் திரும்பினேன்.
முப்பத்தேழு பந்து பாக்கி,
மூட இருபது நிமிடம்.
சாய்வை மறந்து, கெஜத்தை மறந்து,
போனஸை மட்டும் மறக்க முடியாமல்
ஒன்றை அடித்தேன்.

தூறலில் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
சத்தம் மட்டும் சரியாக இருந்தது.
உள்ளங்கையில் ஒன்றுமே படாத மாதிரி
ஒரு சத்தம்.

அடுத்தது மறுபடி கழுத்தில்.
ஜப்பானியர் இந்த முறை
ஓரடி தள்ளி நின்றிருந்தார்.